ஹெலன் கெலரின் சுயசரிதை: கல்லூரி அத்தியாயங்கள் பற்றிய ஒரு நோக்கு

பார்வையையும் கேள்வியையும் குழந்தைப் பருவத்திலேயே இழந்த ஹெலன் கெலர் எழுதிய 'என் வாழ்க்கைக் கதை' 1903ஆம் ஆண்டு நூலுருப் பெற்றது. அப்பொழுது அவர் அமெரிக்காவின் ரட்கிளிஃப் மகளிர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. இந்நூலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே காட்சியையே நினைவுகூர்வர்: 1887இல், நீர்க்குழாயடியில், ஆசிரியை ஆன் சலிவன் சிறுமியின் ஒரு கையில் நீர் பாயவிட்டு, மறு கையில் அதற்குரிய சொல்லை விரலெழுத்தால் எழுதிக் காட்டிய காட்சி. பாடநூற் தொகுப்பாளருக்கும் நாடகமாக்கியோருக்கும் உவப்பானது அதுவே. ஆயின் நூலின் கனதியான பகுதி அதுவன்று. கல்லூரிப் பிரவேசத்துக்கான ஆயத்தத்தைக் கூறும் பிற்பகுதி அத்தியாயங்களை ஊன்றிப் படிப்போர்க்கு, 'மனவுறுதியின் வெற்றிக் கதை' என இந்நூலின் மீது குத்தப்பட்டுள்ள முத்திரை பொருத்தமற்றதாகவே தோன்றும்.

1896 ஒக்டோபரில், பதினாறு வயதில், கெலர் கேம்பிரிட்ஜ் மகளிர் பாடசாலையிற் சேர்ந்தார். வகுப்பில் ஆசிரியர் கூறுவனவற்றைச் சலிவன் அருகிலிருந்து அவரது கையில் எழுதிக் காட்டினார். அதிபர் ஆர்தர் கில்மனும் ஜேர்மன் மொழி ஆசிரியையும் விரலெழுத்தைக் கற்றுக்கொண்டனர், ஏனையோர் கற்கவில்லை. பாடநூல்களைப் புடைப்பெழுத்தில் ஆக்குவதற்கு லண்டனிலும் பிலடெல்பியாவிலும் இருந்த நண்பர்கள் முயன்றபோதும், அவை உரிய வேளையில் வந்து சேரவில்லை. இரண்டாம் ஆண்டில் பௌதிகம், அட்சரகணிதம், கேத்திரகணிதம் ஆகியன தொடங்கியபோது இத்தாமதம் பெருந் தடையாயிற்று. கேத்திரகணித உருவங்களை ஒரு மெத்தை மீது கம்பிகளைப் பொருத்தியே அவர் அமைக்கவேண்டியிருந்தது. புத்தகமும் கருவியும் பிந்தி வந்தால் எத்துணைக் கூரிய மாணவரும் பின்தங்குவர் என்பதற்கு இவ்வத்தியாயத்தினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நூலின் மையமாகக் கொள்ளத்தக்கவை இரு பரீட்சைகள். 1897 ஜூன் இறுதியில் நடந்த முதற்கட்டப் பரீட்சையில் கெலரின் சுட்டெண் 233. தட்டெழுத்துப் பொறியின் ஓசை பிறரைக் குழப்பலாகாது என்று அவருக்குத் தனி அறை வழங்கப்பட்டது. கில்மனே வினாக்களை விரலெழுத்தால் வாசித்தார். விடைகளையும் மீள வாசித்துக் காட்டி, அவர் கூறிய திருத்தங்களைச் சேர்த்தார். கெலர் எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்தார். ஜேர்மனிலும் ஆங்கிலத்திலும் சிறப்புச் சித்தியும் பெற்றார். 1899 ஜூனில் நடந்த இறுதிப் பரீட்சையிலோ நிலைமை வேறு. சலிவன் வினாத்தாளை வாசிக்கக் கல்லூரி நிருவாகம் அனுமதிக்கவில்லை. பேர்கின்ஸ் நிறுவன ஆசிரியர் ஒருவர் வினாக்களை அமெரிக்க பிரெயிலிற் பெயர்த்துக் கொடுத்தார். அவர் கெலருக்கு அந்நியர். பிரெயில் தவிர்ந்த வேறு வழியில் அவரோடு உரையாட இயலவில்லை. எழுதிய விடையை மீள வாசித்துக் காட்டவும் எவருமில்லை.

அக்காலத்தில் ஆங்கில மொழிக்கென ஆங்கிலேய பிரெயில், அமெரிக்க பிரெயில், நியூயோர்க் புள்ளி என மூன்று முறைகள் வழங்கின. கெலர் அட்சரகணிதம் பயின்றது ஆங்கிலேய முறையில். வினாத்தாள் வந்ததோ அமெரிக்க முறையில். பரீட்சைக்கு இரு நாட்களின் முன்னர், பழைய வினாத்தாளொன்றின் பிரதி கைக்கு வந்தபோதே இவ்வேறுபாடு அவருக்குத் தெரியவந்தது. குறியீட்டு அட்டவணையை வரவழைத்துக் கற்றும், அடைப்புக்குறிகளும் மூலக்குறியும் இணைந்து வருமிடங்களை முதல்நாள் இரவிலும் அவரால் பிரித்தறிய முடியவில்லை. மறுநாட் காலை நேரத்தோடு சென்று, பெயர்த்தெழுதியவரிடமே விளக்கம் கேட்கவேண்டியதாயிற்று. அங்கு சோதிக்கப்பட்டது அவரது கணித அறிவா, புள்ளிகளை இனங்காணும் வேகமா என்ற வினா வாசகரிடத்து எழாமற் போகாது.

கெலரின் உரைநடை தன் முழு வலிமையையும் காட்டுவது இவ்விடத்திலேயே. வனங்களையும் மலர்களையும் வருணிக்கையில், பிறர் நூல்களிற் படித்த காட்சிச் சொற்கள் அவரிடம் மிகுதியாகப் புகுந்துவிடுகின்றன. பரீட்சை அறையைப் பற்றி எழுதுகையில் ஒரு சொல்லேனும் இரவலன்று. விரிவுரையைக் கேட்பதற்கே கை வேண்டியிருப்பதால் குறிப்பெடுக்கக் கை இல்லை. வீடு திரும்பிய பின், நினைவில் நின்றதையே எழுதி வைக்கவேண்டும் என்ற தகவல் எவ்வித அலங்காரமுமின்றிச் சொல்லப்படுகிறது. அனுபவித்தவரன்றிப் பிறரால் எழுதவொண்ணாத செய்தி அது.

இவ்வளவு துல்லியமாக எடுத்துரைத்தவர், முடிபு கூறுமிடத்தில் தளர்ந்துவிடுகிறார். தாம் விளைத்த இடர்களைக் கல்லூரியார் உணர்ந்திருக்கமாட்டார்கள் என்றும், தாம் அவற்றையெல்லாம் வென்றுவிட்டதே ஆறுதல் என்றும் அமைகிறார். இப்பணிவின் காரணம் அறிதற்கு அரியதன்று. அவர் அதே கல்லூரியில் இன்னும் பயின்றுகொண்டிருந்தார். மார்க் ட்வெய்னின் பரிந்துரையால் எண்ணெய் வணிகர் ஹென்றி ரொஜர்ஸ் அளித்த பண உதவியிலேயே அவரது கல்வி நடந்தது. இந்நூலும் முதலில் மகளிர் சஞ்சிகையொன்றிலேயே தொடராக வந்தது. நன்றி பாராட்டவேண்டிய நிலையில் உள்ளவர் குற்றஞ்சாட்டுவது எளிதன்று. 1929இல் வெளிவந்த பிற்கால நூலில் அவர் சற்று வெளிப்படையாகவே பேசுகிறார். தம்மோடு நேரே உரையாடுவதற்காக விரலெழுத்தைக் கற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவரே என அங்கு அறிகிறோம்.

பிறிதொரு குறையும் உண்டு. பிரெயிலில் கிடைக்காத நூல்களையெல்லாம், பலவீனமான தம் கண்களை வருத்தி வாசித்து, கெலரின் கையில் எழுதியவர் சலிவன். அவர் மீதான அன்பு நூல் முழுவதும் ததும்புகிறது. அவரது உழைப்பின் அளவு மட்டும் எங்கும் கணக்கிடப்படவில்லை. 1904இல் கெலர் சிறப்புடன் பட்டம் பெற்றபோது, நான்காண்டுக் காலம் அதே விரிவுரைகளில் அமர்ந்திருந்த சலிவனுக்குப் பட்டம் எதுவும் இல்லை. கல்லூரி அளித்தது அனுமதி. உதவியை அளித்தவர் ஒரு தனி மனுஷி. சலிவனும் ரொஜர்ஸும் வாய்க்காத மற்றொரு பெண் அவ்வாயிலில் வந்து நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற வினாவை நூல் எழுப்புவதேயில்லை.

புள்ளிகளின் பிணக்கைக் கெலர் பின்னரும் விட்டுவிடவில்லை. 1909இல் நியூயோர்க் கல்விச் சபை பாடசாலைகளுக்குரிய முறையை ஆராய்ந்தபோது, அவர் பிரெயிலை ஆதரித்துக் கடிதம் எழுதினார். ஆங்கில மொழிக்குரிய பொதுப் பிரெயில் முறையில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் உடன்பட்டது 1932இலேயே. அவ்வுடன்பாடும் மொழி எழுத்துக்கே பொருந்திற்று. கணிதக் குறியீடுகளில் இரு நாடுகளும் அதன் பின்னரும் வெவ்வேறு வழிகளிலேயே சென்றன.