நாடுகடத்தப்பட்ட சிறுமியின் ஊர்ப்பற்று: எஸ்தர் ஹவுட்சிக்கின் ‘முடிவற்ற புல்வெளி’

தண்டனையாக விதிக்கப்பட்ட ஊரை ஒருவர் தம் ஊராக எண்ணத் தொடங்கினால், அத்தண்டனை நியாயமாகிவிடுமா? எஸ்தர் ஹவுட்சிக் ஆங்கிலத்தில் எழுதி 1968இல் வெளிவந்த ‘முடிவற்ற புல்வெளி’ என்னும் தன்வரலாற்று நூல் இவ்வினாவை எழுப்புகிறது. அன்று போலந்தின் ஆட்சியிலிருந்த வில்னா நகரில், 1930இல், வசதி படைத்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர் எஸ்தர். 1940இல் அந்நகர் சோவியத்தின் பிடிக்குள் வந்தது. 1941 ஜூனில் அக்குடும்பம் ‘முதலாளிகள்’ என்ற குற்றச்சாட்டின்பேரில் சரக்கு ரயிலில் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டது. முதலில் ஜிப்சச் சுரங்கம். பின்னர் அல்தாய்ப் பகுதியில் உள்ள ருப்த்ஸோவ்ஸ்க் என்னும் சிற்றூர். பத்து வயதில் சென்ற சிறுமி ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அங்கு வாழ்ந்தாள். இந்நூலை விடாமுயற்சியின் கதையாக மட்டும் வாசிப்பது அதன் கூர்மையை மழுங்கச் செய்யும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நூலின் தொடக்கப் பகுதியில் ஒரு காட்சி உண்டு. படைவீரர்கள் குடும்பத்தைக் கைதுசெய்யும் வேளையில் தாயின் உடன்பிறந்தவர் வீட்டுக்கு வருகிறார். அவர் யார் என்று வீரர்கள் வினவ, தமக்குத் தெரியாதவர் என்கிறார் தாய். தம்மோடு அவரும் சிக்கிவிடலாகாது என்னும் அன்பே அப்பொய்க்குக் காரணம். அடுத்த சில நாள்களிலேயே செருமானியப் படை வில்னாவுக்குள் நுழைந்தது. அந்நகரின் யூதர்களுள் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், அவரும் உயிர்பிழைக்கவில்லை. காப்பாற்றச் சொன்ன சொல் கொன்றது. அழிக்க அனுப்பிய ரயில் காத்தது. இம்முரணை ஆசிரியர் விளக்கிப் பேசுவதில்லை. உறவினரின் முடிவு குறித்த செய்திகள் போர் முடியும் தறுவாயில்தான் வந்து சேர்கின்றன. அதுவரை வாசகரும் சிறுமியின் அறியாமைக்குள்ளேயே நிறுத்தப்படுகிறார். நூலின் மிகச் சிறந்த உத்தி இது எனலாம்.

அன்னையும் மகளும் ஒரே குடிலில் வாழினும் ஒரே ஊரில் வாழவில்லை. அன்னைக்கு ருப்த்ஸோவ்ஸ்க் கழித்தாக வேண்டிய காலம். மகளுக்கோ வளரும் பருவமே அதுதான். மகளின் ஊர்ப்பற்று ரஷ்ய மொழியின் வழியாகவே வேரூன்றுகிறது. தன்னை நாடுகடத்திய அரசின் மொழியில் அவள் புஷ்கினைப் பயின்று நேசிக்கிறாள். பள்ளியின் ஒப்புவித்தல் போட்டிக்கு ‘யெவ்கேனி ஒநேகின்’ காவியத்தில் தாத்யானா காணும் கனவைத் தேர்கிறாள். வெறுங்காலுடன் மேடையேறக் கூடாது எனத் தடுக்கப்பட, காலணிக்காக வீட்டுக்கு ஓடித் திரும்புகிறாள். மூச்சிரைப்பில் வாய்ப்பை இழக்கிறாள். அவளுடைய உச்சரிப்பையோ பிறப்பையோ யாரும் குறை கூறவில்லை. தடையாக நின்றது வறுமை. அவ்வூரில் வறுமை எல்லோருக்கும் பொதுவானது. ஆதலால் இத்தோல்வி அவளை அந்நியப்படுத்தாமல் ஊராருள் ஒருத்தியாக்குகிறது என்று வாசிக்க இடமுண்டு.

தமிழ் ஆய்வாளர் எவருக்கும் இந்நூலைப் பாலைத்திணையோடு பொருத்திப் பார்க்கத் தோன்றும். அப்பொருத்தம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பாலையில் தலைவன் பொருள் தேடித் தானே பிரிகிறான். மீளும் காலத்தையும் குறித்துச் செல்கிறான். எஸ்தரின் குடும்பத்துக்கு அவ்விரண்டுமே மறுக்கப்பட்டவை. நிலம் மனத்தை உருவாக்கும் என்ற கொள்கை மட்டுமே இங்குத் துணை செய்யும்: தொடக்கத்தில் அச்சுறுத்திய புல்வெளியின் வெறுமையே பின்னர் அவளுக்கு இன்பமாகிறது.

நூலில் குறையும் உண்டு. அன்னையின் அக உலகம் மகளின் பார்வைக்கு எட்டிய அளவிலேயே நின்றுவிடுகிறது. சகோதரரை மறுத்த அந்நொடியை அவர் எவ்வாறு சுமந்தார் என்பதற்கு நூல் போதிய இடம் தரவில்லை.

உள்ளூர் இளையோர் அணியும் பஞ்சு தைத்த மேற்சட்டைக்கும் நெடுங்காலணிக்கும் எஸ்தர் ஏங்குகிறாள். சைபீரியப் பெண்ணாகவே தோன்ற வேண்டும் என்பது அவள் ஆசை. 1946இல் போலந்து திரும்ப அனுமதி கிடைக்கிறது. லோட்ஸ் நகரில் தந்தை காத்திருக்கிறார். விடுதலைச் செய்தி கேட்டு அன்னை மகிழ, பதினைந்து வயது மகளுக்குப் புறப்பட மனம் வரவில்லை.