வள்ளியப்பாவின் கணக்குப் புத்தகம்

ஒக்கலிபுரம் ரயில் பாதை ஓரத்தில் முப்பத்தெட்டு வருஷமாக அரிசிக் கடை வைத்திருப்பவன் நான். பட்டம் பெற்ற புலவன் அல்லன். சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் எட்டாம் வகுப்போடு ஏட்டைக் கட்டிவிட்டு வந்தவன். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, நயினார் சிந்தாமணியோ நீலகேசியோ எழுதுவார் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது எட்டு லட்டு. அன்பர்கள் சிரிக்க வேண்டாம்.

சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பற்றிப் பேச்சு வந்தது. பெரியவர் ஒருவர், "நர்சரிப் பாட்டெல்லாம் இலக்கியக் கணக்குல வராதுங்க" என்று முடித்துவிட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இரவு பேரேட்டைப் புரட்டும்போதுதான் வந்தது.

வள்ளியப்பா 1922 நவம்பர் 7இல் புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் பிறந்தவர். 1940இல் சென்னைக்கு வந்து வை. கோவிந்தனின் சக்தி காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் தி. ஜ. ர. அவரை எழுதத் தூண்டினார். மறு ஆண்டே இந்தியன் வங்கி. 1982 வரை அந்த உத்தியோகம்தான். 1944இல் 23 பாடல்களோடு 'மலரும் உள்ளம்' வந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 'பூஞ்சோலை', பிற்பாடு 'கோகுலம்' ஆகிய இதழ்களுக்கு ஆசிரியராக இருந்தார். பகலெல்லாம் பிறர் பணத்தை எண்ணிவிட்டு ராத்திரி பிள்ளைகளுக்குப் பாட்டுக் கட்டினார் என்றால், கல்லாவில் உட்காருகிற எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

இப்போது லட்டுக்கு வருவோம். பாட்டு உங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு தட்டில் எட்டு லட்டு. கிட்டு பாதியை எடுத்துக்கொள்கிறான். தங்கை பட்டு மிச்சத்தைத் தின்கிறாள். கடைசியில் தட்டு காலி. அவ்வளவுதான். கணக்குப் பிள்ளை கண்ணோடு பாருங்கள்: ஆரம்ப இருப்பு எட்டு, பற்று நாலும் நாலும், கடைசி இருப்பு பூஜ்யம். ஐந்தொகை நேராகிவிட்டது! ஆனால் நான் வியந்தது அதற்காக அல்ல. எட்டையும் முழுங்கியிருக்கக்கூடிய பையன் பாதியை விட்டு வைக்கிறான். 'தங்கைக்குக் கொடு' என்று அம்மா சொல்லவில்லை, கவிஞரும் சொல்லவில்லை. பகுத்துண்ணுதல் என்கிற பெரிய அறம் அங்கே உபதேசமாக வராமல் வெறும் வகுத்தல் கணக்காக வந்து போகிறது.

ஓசையையும் கவனிக்க வேண்டும். முடிவுக்கு முடிவு 'ட்டு' என்று வல்லொற்று தாளம் தட்டுகிறது. இயைபுத் தொடை என்று நாம் பெரிய பெயர் சொல்வது இதைத்தான். லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது நன்னூல் விதி. குவளாலபுரம் என்னும் நம்ம கோலாரின் பெயரைப் பட்டத்தில் தாங்கிய கங்கர் குலத்துச் சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் செய்த நூல் அது. எனக்கு அதன்மேல் பக்தியே உண்டு. ஆனாலும் 'இலட்டு' என்று எழுதிப் பாடிப் பாருங்கள், பாட்டு நொண்டும். வள்ளியப்பா இலக்கணத்தை விட்டுக் குழந்தையின் நாக்கைப் பிடித்துக்கொண்டார். பவணந்தியாரே கேட்டிருந்தாலும் மன்னித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த ஊர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எழுதுவது நியாயம் ஆகாது. ஜி. பி. ராஜரத்னம், சமண பௌத்த நூல்களில் தோய்ந்த கன்னடப் பேராசிரியர், 1979இல் மறைந்தவர். அவருடைய தகரத் துத்தூரிப் பாட்டைப் பாடாத கன்னடப் பிள்ளை இல்லை. கஸ்தூரி என்கிற பையன் வண்ணத் துத்தூரி வாங்கி, எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று சேவல் மாதிரி ஜம்பமாக நடக்கிறான். துத்தூரி குளத்தில் விழுகிறது, சாயம் போகிறது. ராஜரத்னம் பையனை அழவிட்டுவிடுகிறார். வள்ளியப்பாவுக்கு அந்த மனசு வராது. அவர் பாட்டில் குழந்தைகள் பெரும்பாலும் ஜெயித்தே தீருவார்கள். இந்த இடத்தில் கன்னடக்காரர் ஒரு படி மேலே என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. நஷ்டம் என்றால் என்ன என்று பிள்ளைக்கும் தெரியத்தானே வேணும்?

வள்ளியப்பாவிடம் குறை இன்னும் ஒன்று உண்டு. தலைவர்களையும் நற்பழக்கத்தையும் பாடுகிற இடங்களில் கவிஞர் எழுந்துபோய், வங்கி அதிகாரி வந்து உட்கார்ந்துவிடுகிறார். 'பாட்டிலே காந்தி கதை' பயனுள்ள நூல்தான். ஆனால் அதைக் கேட்டு எந்தக் குழந்தையும் எழுந்து குதிப்பதை நான் கண்டதில்லை.

அந்தக் குறையைச் சொல்ல எனக்கு யோக்யதை உண்டா என்பது வேறு. என் மகன் ஏழு வயசாக இருக்கும்போது நாலடியார் நாற்பது பாட்டு மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒரு சீர் தப்பினால் முதுகில் ஒன்று வைப்பேன். நாற்பதையும் ஒப்பித்தான். இன்று அவன் தமிழ்ப் பத்திரிகையைக் கையால் தொடமாட்டான். முனிவர்கள் செய்த நூலில் பழுதில்லை. லட்டு கொடுக்க வேண்டிய வயசில் நான் கஷாயம் கொடுத்தேன்.

1991 டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு கடைப் பலகையில் தமிழ் எழுத்தை அழித்தவர்களில் நானும் ஒருவன். பிழைப்பு அப்படி. பேரனுக்குப் பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமும். எழுத்தாகத் தமிழ் அவனிடம் போகவில்லை. காது வழியாகத்தான் போக முடியும். காது வழியே போகத்தக்க தமிழை மெனக்கெட்டுச் செய்துவைத்த ஆள் இலக்கியக் கணக்கில் வராவிட்டால், அந்தக் கணக்கை யார் எழுதினார்கள் என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

1989 மார்ச் 16இல், மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில், குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருக்கும்போதே வள்ளியப்பா மயங்கி விழுந்தார், பிழைக்கவில்லை. கூட்டத்தில் பெரியவரிடம் நான் சொல்லத் தவறியது இதுதான்.

போன வாரம் பேரனுக்கு லட்டுப் பாட்டு முழுசாக வந்துவிட்டது. பாடி முடித்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, பட்டுவுக்கு ஒரு தம்பி இருந்தா எட்டை எப்படிப் பிரிப்பாங்க?" தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரல்விட்டுப் பார்த்தேன். மிச்சம் ரெண்டு நிற்கிறது. கவிஞர் எட்டை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.