ஊரின் குணமும் கூலியின் கணக்கும்

நம் கதைகளில் ஊர்களுக்குக் குணம் உண்டு. தஞ்சாவூர்க்காரர் என்றால் பேச்சில் குறும்பு. கோயம்புத்தூர்க்காரர் என்றால் உழைப்பு. கரிசல்காட்டுக்காரர் என்றால் வைராக்கியம். வாசகர்கள் இதை ரசிக்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கும் இது சௌகரியமாக இருக்கிறது. ஊரின் பெயரைச் சொன்னவுடன் பாத்திரப் படைப்பில் பாதி முடிந்துவிடுகிறதல்லவா? மண்ணிலிருந்து மனிதனுக்குக் குணம் ஊறி வருகிறது என்கிற இந்த நம்பிக்கையில் எனக்கு வெகு நாளாகச் சந்தேகம் உண்டு. அந்த மண்ணில் யாருக்குக் கூலி கிடைக்கிறது, யார் கையிலிருந்து கிடைக்கிறது, நாளைக்கும் கிடைக்குமா என்பதைக் கேட்காமல் ஓர் ஊரின் சுபாவத்தைச் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

இதைச் சோதித்துப் பார்க்கக் கடலூர் மாவட்டம் போதும். விழுப்புரத்திலிருந்து கடலூருக்குப் போகும் ரயில் பாதையில், பண்ணுருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவில் மேல்பட்டாம்பாக்கம் என்று ஓர் ஊர் இருக்கிறது. கிழக்கே போனால் நெல்லிக்குப்பம். 1842-லேயே பாரி கம்பெனியார் சர்க்கரை ஆலை வைத்த இடம். தென்மேற்கே போனால் நெய்வேலி. பழுப்பு நிலக்கரி வெட்டும் இடம். இரண்டு தொழில்களுக்கும் இடையே அதிக தூரமில்லை. ஆனால் தம்மைச் சுற்றியுள்ள மனிதர்களை அவை நடத்திய விதத்தில் வெகு தூரம் இருக்கிறது.

ஆலை ஊருக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழில் நன்றாகச் சொன்ன நாவல் சா. கந்தசாமியின் 'சாயாவனம்'. வெளியே போய்ப் பொருள் சேர்த்துத் திரும்பிய ஒருவன் கரும்பாலை வைப்பதற்காக ஒரு வனத்தை வெட்டி எரிக்கிறான். புத்தகத்தின் பெரும்பகுதி அந்த அழிப்புத்தான். ஆசிரியர் கண்ணீரும் விடவில்லை, கைதட்டவும் இல்லை. வேலை நடப்பதைக் காட்டுகிறார், அவ்வளவுதான். கடைசியில் ஊருக்கு நல்ல புளி இல்லாமல் போகிறது. ஒரு பொருளாதார மாறுதலை ஒரு புளிய மரத்தில் காட்டிவிட்ட திறமையை எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் மரத்தின் கணக்கு முடிகிற இடத்தில்தான் மனிதர்களின் கணக்கு ஆரம்பிக்கிறது. ஆலை ஓடத் தொடங்கி முப்பது வருஷம் கழித்து அந்த ஊர் எப்படி இருந்திருக்கும்? அங்கே யார் யாரைப் பார்த்து எழுந்து நிற்பார்கள்? அந்த இரண்டாவது நாவல் நமக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

அதை எழுத வருகிறவர் முதலில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வெட்டிய கரும்பைப் போட்டு வைக்க முடியாது. நாள் ஆக ஆக அதன் இனிப்புக் குறையும். ஆகையால் ஆலைக்குப் பக்கத்திலேயே கரும்பு விளைய வேண்டும், ஆண்டுதோறும் விளைய வேண்டும். விலையில் இழுபறி இருக்கும், பாக்கி நிற்கும், சண்டையும் வரும். ஆனாலும் அடுத்த பருவத்தில் ஆலைக்கு விவசாயி வேண்டும். சண்டை போடுவதற்குக்கூட ஓர் உறவு மிஞ்சியிருக்கிறது.

சுரங்கத்தின் சங்கதி வேறு. அதற்கு விவசாயி ஒரே ஒரு தடவைதான் வேண்டும், பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு. அதற்குப் பிறகு அவர் விளைவிக்கும் எதுவும் அதற்குத் தேவையில்லை. ஓர் ஊரின் ஏற்றத்தாழ்வு எந்த வடிவம் எடுக்கும் என்பதை இந்த ஒரு வித்தியாசமே பெரிதும் தீர்மானித்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

நெய்வேலியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956-ல் கம்பெனி ஏற்பட்டது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணில் பட்டது. 1962-ல் ரஷ்யர்களின் உதவியோடு கட்டிய நிலையத்திலிருந்து மின்சாரம் புறப்பட்டது. அந்த முதல் நிலையம் 2020-ல் ஓய்வு பெறும் வரை அதன் வெளிச்சத்தில் நாம் எத்தனையோ புத்தகங்களைப் படித்திருக்கிறோம். முந்திரியும் மானாவாரிப் பயிரும் இருந்த செம்மண்ணில் நேரான சாலைகளும் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரியும் கொண்ட நகரியம் எழுந்தது. பல ஜாதிக்காரர்கள் ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். சாமானியக் காரியமல்ல.

அந்த நகரியத்து மனிதருக்கு ஒரு குணம் சொல்வார்கள்: நேரம் தவறாதவர், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர், சிக்கனமானவர். சுற்றுக் கிராமத்து மனிதருக்கும் ஒன்று சொல்வார்கள்: வந்த பணத்தைச் செலவழித்துவிட்டார், வழக்குக்கு அலைகிறார், எதிலும் நம்பிக்கையில்லாதவர். முதல் குணம், மாதம் தவறாமல் வரும் சம்பளம் கொடுத்தது. இரண்டாவது, ஒரே ஒரு முறை வந்த நஷ்டஈடு கொடுத்தது. இருவரையும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். குணங்களும் மாறி உட்காரும். சொந்த நிலத்தில் விதைத்தவரின் பிள்ளை அதே இடத்துச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போகிறான். பக்கத்தில் நிரந்தரத் தொழிலாளி நிற்கிறார். இருவர் கையிலும் ஒட்டுவது ஒரே கரி. சம்பளம் மட்டும் ஒன்றல்ல. இதை மண்ணின் குணம் என்று எழுதுவது அநியாயம்.

பழைய கிராமத்தை நினைத்து உருகுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. அங்கே சமத்துவமா இருந்தது? பட்டா உள்ளவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. அவர் வயலில் நடவு நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்த கூலிப் பெண்ணின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லாததால், அவள் இழந்தது பெரும்பாலும் கணக்கிலேயே ஏறவில்லை. பழைய ஏற்றத்தாழ்வைச் சுரங்கம் துடைக்கவில்லை. தன் கணக்குப் புத்தகத்தில் நகல் எடுத்துக்கொண்டது. போதாதென்று ஊருக்கும் ஊருக்கும் புதிய பேதமும் வந்தது. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். அப்படி இறைத்த தண்ணீர் வாலாஜா ஏரிக்குப் போய்ச் சில ஊர்களின் வயல்களில் பாய்ந்தது. வேறு சில ஊர்க்காரர்கள் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதென்று குறைப்பட்டார்கள்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் யந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருஷங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டு, பணமும் கொடுத்தாகிவிட்டது என்றது நிர்வாகம். சட்டப்படி அது ஒரு பதில்தான். ஆனால் பணம் வாங்கிய பிறகும் அந்த மனிதர்கள் ஏன் விதைத்தார்கள்? பேராசை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளைக்கு நீ வேண்டும் என்று அவர்களிடம் சொன்னது அந்த நிலம் ஒன்றுதான். அதனால் அதனிடமே திரும்பிப் போனார்கள்.

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு எழுத்தாளர்கள் பலர் போகிறோம். மாலை மரியாதை வாங்கிக்கொண்டு, சாலையோர மரங்களைப் புகழ்ந்துவிட்டுத் திரும்புகிறோம். நகரியத்து வேலிக்கு வெளியேயும் வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய கதைகளும் இருக்கின்றன. இனி ஒரு நாவலில், 'அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான்' என்ற வரியைப் படிக்கும்போது, வாசகர்கள் சற்று நிறுத்தி ஆசிரியரை ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்: அந்த ஊரில் இருக்கும் பணத்துக்கு, நாளைக்கு யார் வேண்டும், யார் வேண்டாம்? அதற்குப் பதில் தெரியாதவர் ஊரைப் பார்த்தவர் ஆகலாம்; அறிந்தவர் ஆகமாட்டார்.