நிற்கத் தெரிந்த பறவை

புதன்சந்தை மாட்டுச் சந்தைக்கு அப்பாவோடு போன நாட்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர் மாட்டை உடனே தொடமாட்டார். பத்தடி தள்ளி நின்று, அது நிற்கும் அழகைப் பார்ப்பார். நாலு காலிலும் பாரம் சமமாக இறங்குகிறதா, ஏதாவது ஒரு காலை மாற்றி மாற்றி வைக்கிறதா என்று பார்ப்பார். பிறகு நடக்கவிட்டுப் பார்ப்பார். பல்லைப் பார்ப்பது, சுழி பார்ப்பது, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் புதுச்சத்திரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில்தான் அந்தச் சந்தை. நாமக்கல் லாரி ஊர். ஒருவர் ஓட்டிக் கழித்த வண்டியை அடுத்தவர் தட்டிப் பார்த்து, சத்தம் கேட்டு, ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டி வாங்குவது இங்கே அன்றாடக் காட்சி. பழையதைப் பார்த்து எடுக்கிற கண் இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு உண்டு. ஒரு பழைய ட்ரோன் வாங்க வேண்டும் என்று ஆசை வந்தபோது அந்தக் கண்ணை நம்பித்தான் கிளம்பினேன்.

ராசிபுரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரிடம் ஒன்று விலைக்கு இருந்தது. டிஜேஐ நிறுவனத்தின் மேவிக் மினி, 2019 அக்டோபரில் வெளியான மாதிரி. கைகளை மடக்கினால் உள்ளங்கையில் அடங்கும். பாட்டரி, இறக்கை எல்லாம் சேர்த்து எடை 249 கிராம். அந்த எண்ணை முதலில் ரசிக்க வேண்டும். உலகத்தில் பல நாடுகளின் சட்டம் 250 கிராமில்தான் கோடு போடுகிறது. நம் நாட்டிலும் 250 கிராம் வரை நானோ வகை. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. அந்தக் கோட்டுக்கு ஒரே ஒரு கிராம் இந்தப் பக்கம் நிறுத்தி, அதற்குள் கேமரா, அதை ஆடாமல் தாங்கும் மூன்று அச்சு கிம்பல், காற்றில்லாத வேளையில் 30 நிமிடம் பறக்கும் பாட்டரி, செயற்கைக்கோளைக் கேட்டு இடம் அறியும் கருவி எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறார்கள். தங்கம் நிறுக்கிற தராசில் செய்த வேலை அது.

“எத்தனை தடவை சார்ஜ் போட்டிருப்பீங்க?” என்று கேட்டேன்.

“ஒரு அம்பது இருக்குமுங்க.”

செயலியைத் திறந்தால் மூன்று பாட்டரிகளில் ஒன்று 118 காட்டியது. முகூர்த்த நாட்களில் யார் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார்கள்! அவர் மேல் குற்றமில்லை. ஆனால் மாட்டின் வயதைப் பல் சொல்வதுபோல ட்ரோனின் வயதை இந்தக் கணக்குச் சொல்லிவிடும். அடுத்தது வயிறு. நல்ல பாட்டரி கூட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய் ‘டக்’ என்று உட்காரும். அமுக்கித் தள்ள வேண்டியிருந்தால் உப்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் தள்ளிவைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டு செல்களின் மின்னழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 0.1 வோல்ட் அளவுக்கு வித்தியாசம் நிலைத்து நின்றால் அது ஒரு கால் நொண்டுகிற மாடு.

பிறகு மோட்டார்கள். நான்கையும் விரலால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். ஒரே வழவழப்பு நான்கிலும் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் நறநறப்பு தட்டினால் மண் புகுந்திருக்கும், இல்லையென்றால் தண்டு வளைந்திருக்கும். கைகள் மடங்கும் மூட்டில் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் மயிரிழை விரிசலும் தெரியும். இந்த மாதிரியில் இறக்கைகளைச் சின்னத் திருகுகள் பிடித்திருக்கின்றன. அந்தத் திருகுகளின் தலையைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த சோதனை. தலை தேய்ந்திருந்தால் பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பலமுறை எதன் மேலோ மோதியிருக்கிறது. இதில் இரண்டு திருகுகள் லேசாகத் தேய்ந்திருந்தன. கேட்டேன். “தென்னை ஓலையில ஒருக்கா மாட்டிக்கிச்சுங்க” என்று மறைக்காமல் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் வாங்கலாம் என்று தோன்றியது.

காகிதமும் பார்க்க வேண்டும். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய நம் அரசு தடை போட்டது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. முழு ட்ரோனுக்குத் தடை இருப்பதால் பில் இல்லாத சரக்கைக் கண்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. கைமாறும்போது விற்பவர், வாங்குபவர் விவரத்தோடு அந்த எண்ணையும் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். விதி வைத்த கட்டணம் 100 ரூபாய். லாரிக்கு ஆர்.சி. போல இது. கூடவே விற்பவர் தன் டிஜேஐ கணக்கிலிருந்து கருவியை நம் கண் எதிரிலேயே விடுவித்துத் தர வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, கடைசியாக, நிற்கவிட்டுப் பார்த்தோம்.

ஒரு ட்ரோனை ரசிக்கத் தெரிந்தவர் அதன் வேகத்தைக் கேட்கமாட்டார். தலை உயரத்துக்கு எழுப்பி, ரிமோட்டின் இரண்டு குச்சிகளிலிருந்தும் விரலை எடுத்துவிட்டு, பேசாமல் பார்ப்பார். நான்கு இறக்கைகளில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழல்கின்றன. ஒன்றின் திருகு விசையை மற்றது சரிக்கட்டுகிறது. காற்று கொஞ்சம் தள்ளினால் ஒரு பக்கம் சுழற்சி கூடுகிறது, மறுபக்கம் குறைகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இந்தத் திருத்தம் நடக்கிறது. வெளியே இருந்து பார்க்கிற நமக்கு அது அசையாமல் நிற்கிறது. கரகம் ஆடுகிறவரின் தலையில் குடம் நிற்கிறதே, அதுபோல. கீழே உடம்பு முழுக்க வேலை செய்வதால்தான் மேலே அந்த அமைதி. அன்றைக்கு அது மூன்று நிமிடம் ஒரே இடத்தில் நின்றது. வட்டம் போடவில்லை, ஒரு பக்கமாக ஒழுகவில்லை. மூன்று நிமிடம் முடிந்ததும் விலை பேசினேன்.

வாங்கி வந்து இரண்டு வாரம் நான் கேமராவைப் பார்க்கவே இல்லை. எங்கள் காட்டில் கடலை பறித்து வெறுமையாகக் கிடந்த இடத்தில் நாலு மூலைக்கு நாலு கல் வைத்து, கல்லுக்குக் கல் கொண்டுபோய் நிறுத்தப் பழகினேன். முதலில் அதன் முதுகு நம்மைப் பார்க்க, பிறகு பக்கவாட்டில், கடைசியாக முகம் நம்மைப் பார்க்க. முகம் திரும்பியதும் வலது இடதாகிவிடும், இடது வலதாகிவிடும். மூளை ஒன்று சொல்லும், விரல் ஒன்று செய்யும். அது பழகிய பிறகு எட்டுப் போடலாம். இறக்குவதிலும் ஒரு நயம் இருக்கிறது. நேர்க்கீழாக வேகமாக இறக்கினால் தன் இறக்கை தள்ளிய காற்றுக்குள்ளேயே அது விழுந்து தத்தளிக்கும். சற்றே முன்னோக்கிச் சாய்த்து, படிக்கட்டில் இறங்குவதுபோல இறக்கினால் சத்தம்கூட மாறாது. இறங்கும் இடத்தில் ஒரு சாக்கை விரித்துவைத்தால் செம்மண் தூசி மோட்டாருக்குள் போகாது.

காற்றைப் படிப்பதும் இந்தக் கலையில் சேர்த்தி. இந்தச் சின்ன உருவம் நொடிக்கு 8 மீட்டர் வரை வீசும் காற்றைத்தான் தாங்கும். தரையில் சோளத் தட்டு லேசாக அசைகிறது என்று மேலே அனுப்பினால், பனை உயரத்தில் காற்று வேறாக இருக்கும். பனை ஓலையின் சலசலப்பைக் கேட்டுவிட்டுத்தான் நான் எழுப்புவேன். ஆடி மாதத்தில் அது பெட்டிக்குள் உறங்கட்டும். பாட்டரியைப் பாதிச் சார்ஜில் வைத்துவிட வேண்டும். 40 டிகிரிக்கு மேல் இது வேலை செய்வதற்கில்லை. அதனால் சித்திரை வெயிலில் விடிகாலைதான் அதன் நேரம். காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்ப வேண்டும். பாட்டரியில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிவிட வேண்டும். தானாகத் திரும்பி வரும் உயரத்தை ஊரில் உயர்ந்த பனைக்கும் மின்கோபுரத்துக்கும் மேலே வைத்திருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகு கேமராவைத் திறந்தால் நம் ஊர் தெரிகிறது. காலை ஆறரை மணி வெயில் சாய்வாக விழும்போது குச்சிக்கிழங்குக் காட்டின் ஒவ்வொரு பாரும் தன் நிழலோடு கோடு கோடாக எழும். உச்சி வெயிலில் அதே காடு வெறும் பச்சைத் துணி. கிழக்கே கொல்லிமலை இன்னும் நீல நிறத்தில் இருக்கும். தெற்கே நைனாமலை தனியாக நிற்கும். சேகோ ஆலைக் களங்களில் ஜவ்வரிசி காயும்போது சிவந்த மண்ணுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சதுரங்கள். அதில் கிளறிவிடுகிற ஆட்கள் எழுதிய கோடுகள். அந்தக் களத்தின் மேல் தாழப் பறக்கக் கூடாது. இறக்கைக் காற்றில் மாவு கிளம்பும்; ஒருவரின் சரக்கு பாழாகும். ஒரே வெள்ளையாக இருக்கும் தரையின் மேல் ட்ரோனின் அடியில் தரையைப் பார்க்கிற கண்ணும் தடுமாறும். கிணற்றுத் தண்ணீர் மேலும் அப்படித்தான்.

உயரத்தைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை போகலாம் என்று விதி அனுமதிக்கிறது. ஆனால் இந்தச் சமவெளிக்கு அழகான உயரம் 30 மீட்டர். 120-இல் மனிதர்கள் புள்ளியாகிவிடுவார்கள், நிலம் வரைபடமாகிவிடும். 30-இல் வரப்பில் நடக்கிற ஆட்டின் நிழலும் தெரியும், அது எந்தக் காட்டுக்குப் போகிறது என்பதும் தெரியும். நடக்கிற வேகத்தில் நகர்த்தினால் போதும்.

இந்த ஊரில் பறக்கவிடுகிறவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது கோழி. சுற்றிலும் பண்ணைகள். முதல் வாரத்திலேயே பக்கத்துத் தோட்டத்து அம்மாயி வந்து சொன்னார்: “ஏங்கண்ணு, அதைக் கோழி செட்டுப் பக்கம் உட்றாத. பருந்துன்னு நெனச்சுப் பதறிப் போயிரும். அப்புறம் முட்டை வெக்காது.” எந்த விதிப் புத்தகத்திலும் நான் படிக்காத விதி அது, அன்றிலிருந்து அதுதான் என் முதல் விதி. பண்ணை இருக்கும் திசைக்கே நான் முகத்தைத் திருப்புவதில்லை. அடுத்தது கிணற்றடியும் பம்புசெட்டும் மொட்டை மாடியும். அங்கே குளிப்பவர்களும் துணி காயப்போடுபவர்களும் இருப்பார்கள். சுவருக்குக் கொடுக்கிற மரியாதையைச் சுவருக்கு மேலே இருக்கிற காற்றுக்கும் கொடுக்க வேண்டும். சாலையில் ஓடும் லாரிகளுக்கு மேலேயும் திருவிழாக் கூட்டத்துக்கு மேலேயும் 249 கிராமும் கல்தான்.

சட்டத்தின் கோடுகளும் தெளிவானவை. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 5 கிலோமீட்டர் முதல் 8 வரை தரையிலிருந்தே அனுமதி வேண்டும். 8 முதல் 12 வரை 60 மீட்டருக்கு மேல் அனுமதி வேண்டும். காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் எங்களுக்கு அந்தத் தூரத்தைத் தாண்டித்தான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை, அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். நேற்றுப் பறந்த இடம் இன்றைக்கு மூடியிருக்கலாம். நாமக்கல் மலைக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கொல்லிமலையில் காப்புக்காடு இருக்கிறது. அவற்றின் மேல் அனுமதி இல்லாமல் ஒரு அடிகூடப் பறக்கக் கூடாது. நானோ ட்ரோனுக்கும், பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் மைக்ரோவுக்கும் ஓட்டுநர் சான்று தேவையில்லை என்று விதி நம்மை நம்பி விட்டுவைத்திருக்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ அணி, நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்தபோது, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்ததை நாம் கொண்டாடினோம். அவர்கள் செய்தது பெரிய வேலை. ஆனால் ஒரு கலை ஊரில் வேர்விட வேண்டுமென்றால் சின்னதாக, செம்மையாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் அதைச் செய்கிற ரசிகர்களும் வேண்டும்.

பழைய ட்ரோன் வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மூன்று நிமிடம் நிற்கவிட்டுப் பார்த்து வாங்குங்கள். உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், “நாளைக்குக் காலையில ஆறரை மணிக்கு, எங்க காட்டு மேல மட்டும், கால் மணி நேரமுங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள். முடிந்தால் அவர்களையும் பார்க்க வரச்சொல்லுங்கள்.