கடலூர்க் கடலுக்கும் பிச்சாவரத்துக்கும் எந்த ஜிபிஎஸ்?

கையடக்க ஜிபிஎஸ் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் பார்ப்பது திரையின் பளபளப்பையும் வண்ண வரைபடத்தையும்தான். கடலூர்ப் பக்கம் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர் அவற்றைக் கடைசியாகப் பார்த்தால் போதும். தண்ணீரில் விழுந்தால் மிதக்குமா, ஈரக் கையால் இயக்க முடியுமா, பேட்டரி தீர்ந்தால் படகிலேயே மாற்றலாமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 79எஸ், ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டையும் ஒரு செல்போனோடு சேர்த்து, தேவனாம்பட்டினத்திலிருந்து ஃபைபர் படகிலும் பிச்சாவரம் ஓடைகளிலும் வைத்துப் பார்த்தேன்.

செல்போன் இருக்க எதற்குத் தனிக் கருவி என்று பலரும் கேட்கிறார்கள். டவர் கிடைக்காத இடத்திலும் செல்போனில் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உச்சி வெயிலில் திரை தெரியாது. உப்புத் தண்ணீரும் மீன் செதிலும் ஒட்டிய விரலுக்குத் தொடுதிரை சரியாகப் பணியாது. கனடாவில் உறைந்த ஏரியின் பனியைத் துளையிட்டுத் தூண்டில் போடுகிறவர்களும் பட்டன் வைத்த கருவியையே விரும்புகிறார்கள். அவர்களுக்குக் கையுறை தடை, நமக்கு ஈரம்.

79எஸ் மிதக்கும். வலை இழுக்கும் அவசரத்தில் கை தட்டிக் கடலில் விழுந்தாலும் எடுத்துவிடலாம். ஈட்ரெக்ஸ் மூழ்கிவிடும். இரண்டுமே இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடுகின்றன. 79எஸ் ஏறக்குறைய 19 மணி நேரம், ஈட்ரெக்ஸ் 25 மணி நேரம் என்பது நிறுவனக் கணக்கு. 79எஸ்ஸின் 3 அங்குலத் திரையை வெயிலில் நின்றபடியே படிக்க முடிந்தது, 2.2 அங்குல ஈட்ரெக்ஸைக் கண்ணருகே கொண்டுவர வேண்டியிருந்தது.

விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லப்படாத ஒரு வித்தியாசம் திசைகாட்டி. ஈட்ரெக்ஸ் 22எக்ஸில் அது இல்லை. படகு ஓடும்போது அம்புக்குறி சரியாகக் காட்டும்; இன்ஜினை நிறுத்தி, வலை போட்டு மிதக்கும்போது குழம்பும். 79எஸ்ஸில் மின்னணுத் திசைகாட்டி இருப்பதால் நின்ற படகிலும் கரை எந்தப் பக்கம் என்று தெரிகிறது. யாராவது கடலில் விழுந்துவிட்டால் 79எஸ்ஸின் ஃபைண்ட் பட்டனை அழுத்திப் பிடித்து, ஆள் விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே திரும்ப வழி கேட்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே இதன் கூடுதல் விலையை நான் நியாயம் என்பேன்.

பிச்சாவரத்தில் கதையே வேறு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுரபுன்னையும் வெண்கண்டலும் அடர்ந்த காடு. திறந்த கடலில் 3, 4 மீட்டர் என்று காட்டிய பிழை அளவு, கிளைகள் கூரையாக மூடிய ஓடைக்குள் 10 மீட்டரைத் தாண்டியது. எந்தக் கருவியானாலும் செயற்கைக்கோள் சமிக்ஞை ஈர இலைகளைத் தாண்டி வரும்போது மெலியத்தான் செய்யும். இங்கே ஓர் இடத்தைக் குறித்து ‘அங்கே போ’ என்று கேட்டால் கருவி காட்டும் நேர்கோடு மரங்களுக்குள்தான் போகும். வந்த தடத்திலேயே திரும்ப அழைத்துப் போகும் ‘ட்ராக்பேக்’ வசதிதான் உதவும். படகுத்துறையிலேயே தடப்பதிவை ஓடவிட்டுக் கிளம்புங்கள். படகோட்டியின் கண்ணுக்கு மாற்றாகக் கருவியை நினைக்காதீர்கள்.

எந்த மாடல் வாங்கினாலும் கவனிக்க வேண்டியது இடக்குறிப்பின் வடிவம். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் மீன்வள அறிவிப்பில் அட்சரேகை டிகிரி, நிமிடம், விநாடி என்று இருக்கும். படகுகளில் உள்ள பல கருவிகள் நிமிடத்தைத் தசமமாகக் காட்டும். 11 டிகிரி 40 நிமிடம் 30 விநாடி என்பதை 40.30 நிமிடம் என்று ஏற்றினால் தவறு. சரியான எண் 40.50. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஆக இந்தச் சின்ன எழுத்துப் பிசகு உங்களை 370 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடும். மீன் அடையும் கடலடிப் பார் ஒன்றைத் தவறவிட அது தாராளம்.

முகத்துவாரத்தில், கருவியில் முன்பு குறித்த பழைய பாயிண்டை நம்பிப் படகை விட வேண்டாம். பருவமழை வெள்ளத்துக்குப் பிறகு மணல்திட்டு இடம் மாறும். கருவியில் பதிந்த குறி மாறாது.

வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இடம் காட்டும் ஜிபிஎஸ் வேறு. இன்ரீச் போலச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வேறு. இரண்டாவதை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விமான நிலையத்திலேயே வழக்கு ஆகியிருக்கிறது. சாதாரண ஜிபிஎஸ் ஆபத்துச் செய்தி அனுப்பாது என்பதால், ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு விஹெச்எஃப் ரேடியோவோ அரசு வழங்கும் டிரான்ஸ்பாண்டரோ கட்டாயம் வேண்டும்.

என் தீர்ப்பு இது: கடல் தொழிலுக்கு 79எஸ். காட்டு நடைக்கும், கழிமுகத்தில் தூண்டில் போடவும், மாணவர்களின் கள ஆய்வுக்கும் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் போதும். கழுத்துக் கயிறு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரை திரும்பியதும் கருவியை நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகைக் கட்டும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் கருவியே வீணாகும். முக்கியமான பாயிண்டுகளை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.