பலகையைக் கழற்றிய அண்ணாச்சி

போடியில் ஏலக்காய்க் கடை தெரு மாறினால் பழைய கதவில் புது விலாசத்தை எழுதிவிட்டுத்தான் போவார்கள். இணையதளம் முகவரி மாறினாலும் அப்படித்தான். அந்தப் பலகைக்கு எண் உண்டு. 302 என்றால் தற்காலிகம். 301 என்றால் நிரந்தரமாகக் காலி பண்ணியாச்சு. 301 போட்டால் பழைய பக்கம் தேடலில் சம்பாதித்த பேரை, கூகுள் புதுப் பக்கத்தின் கணக்கில் வரவு வைக்கும். ஆனால், சுற்றவிடக் கூடாது. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. தோட்டத்து ஜீப் அசராமல் ஏறிவிடும். கூகுளின் தேடல் எந்திரன் 10 திருப்பத்தோடு இறங்கிக்கொள்ளும். பலகையைக் குறைந்தது ஒரு வருஷம் கழற்றாதீர்கள் என்பதும் கூகுள் அண்ணாச்சியின் அறிவுரைதான்.

ஊருக்குத்தான் உபதேசம்! பிளாக்ஸ்பாட் டாட் காம் வலைப்பூக்களைத் திறந்த இந்திய வாசகர்களை 2012-ல் டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிட்டது இதே கூகுள். தேடலில் அடி விழக் கூடாதே என்று, 'அசல் முகவரி டாட் காம்தான்' என பக்கத்துக்குள் குறிப்பும் வைத்தது. கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அந்தக் குறிப்பு எந்திரனுக்கு, நமக்கில்லை. நாம் கண்ணில் பட்ட டாட் இன்னை அல்லவா நகலெடுத்து ஊரெல்லாம் அனுப்பினோம்? 2020-ல் பார்த்தால், அந்த டாட் இன் பெயரே கூகுளின் கையைவிட்டுப் போயிருந்தது. லட்சக்கணக்கான சுட்டிகள் செத்தன. இதற்கு 301-ம் இல்லை, 302-ம் இல்லை.

என்றைக்கோ சேமித்த குரங்கணிப் பயணக் கட்டுரை இப்படி உங்களிடமும் மாட்டியிருந்தால், 'இன்'னை அழித்து 'காம்' என்று அடியுங்கள். எழுதியவர் அழிக்காதவரை திறக்கும்.