பர்த்துக்கு ஒரு ஆள்

பைத்தானில் நாம் எழுதும் கிளாஸ்களை டேட்டாபேஸ் அட்டவணைகளாக மாற்றித் தரும் சமாசாரத்துக்கு ஓ.ஆர்.எம். என்று பெயர். பிரபலமானவை இரண்டு. ஜாங்கோவுக்குள் இருப்பது (2005). எஸ்.க்யூ.எல். ஆல்கெமி (2006).

ரயில் ரிசர்வேஷனுக்கு ஓர் அட்டவணை எழுதுகிறீர்கள். வண்டி எண், தேதி, கோச், பர்த், பயணி பெயர் என ஐந்து காலம். பிரைமரி கீ எது என்று சொல்ல மறந்துவிட்டீர்கள். ஜாங்கோ கோபிக்காது. தானே 'ஐடி' என்று ஒரு காலம் சேர்த்து 1, 2, 3 என்று நம்பர் போட்டுவிடும். ஆல்கெமி, 'கீ எங்கே?' என்று எர்ரர் காட்டி அடம்பிடிக்கும்.

எனக்கு அந்த அடம் பிடித்திருக்கிறது. ஜாங்கோவின் உபசாரத்தில், அதே வண்டி, அதே தேதி, எஸ்-4, 17-ம் பர்த்தை இரண்டு பேருக்கு விற்க முடியும். ஒருவருக்கு ஐடி 501, மற்றவருக்கு 502. டேட்டாபேஸைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு. ராத்திரி பதினோரு மணிக்கு சண்டை போடப்போவது நீங்கள்.

ஆல்கெமியிலும் வெறும் ஐடி போட்டுத் தப்பிக்கலாம்தான். ஆனால், அதைக் கைப்பட எழுத வேண்டும். எழுதும்போது ஒரு கணமாவது யோசிப்போம்.

பல காலங்களைச் சேர்த்து பிரைமரி கீ ஆக்கும் வசதி ஜாங்கோவுக்கு 2025-ல், 5.2 வெர்ஷனில்தான் வந்தது. இருபது வருஷம்! அதுவரை 'யூனிக்' என்ற தனிப் பூட்டை ஞாபகமாகப் போட வேண்டியிருந்தது. எத்தனை பேர் போட்டார்களோ!

ஐடி தப்பில்லை. கூடவே, 'ஒரு பர்த்துக்கு ஒரு ஆள்' என்று டேட்டாபேஸிடம் சொல்லிவிடுங்கள். டி.டி.ஆர். பாவம்.